தம்பியை யாரோ வசியம் செய்துவிட்டார்களா?

பாம்பனிலிருந்து ஒரு அக்கா எழுதியிருக்கிறார். விற்பனைப் பயிற்சி என்று வெளியூர் போன தம்பி மூன்று மாதத்தில் ஆளே மாறிவிட்டானாம். ஸ்பீக்கரில்தான் பேசுகிறான், பக்கத்தில் யாரோ இருக்கிறார்கள். முன்பெல்லாம் முதலில் மீன்பாடு எப்படி என்று கேட்பவன், இப்போது பணம் கேட்கிறான், சொந்தக்காரர்களைச் சேர்த்துவிடச் சொல்கிறான். “ஹிப்னாடிசம் செய்துவிட்டார்கள் என்கிறார் அம்மா. அதை எடுக்க முடியுமா?”

எடுப்பதற்கு ஒன்றும் இல்லை, ஏனென்றால் இது ஹிப்னாடிசமே இல்லை. கவனத்தை ஒன்றில் குவித்து, சொல்வதை எளிதில் ஏற்கும் நிலைக்கு ஒருவரைக் கொண்டுபோவதுதான் ஹிப்னாடிசம். அதற்கு அவரும் ஒத்துழைக்க வேண்டும். முடிந்ததும் எழுந்து வீட்டுக்குப் போய்விடுவார். வலி, பதற்றம் போன்றவற்றுக்கு மருத்துவர்களே இதைப் பயன்படுத்துகிறார்கள். மூன்று மாதம் ஒருவனைக் கட்டிப்போட இதனால் ஆகாது.

மூளைச்சலவை என்கிறோமே, அதற்கு மந்திரக் கண் தேவையில்லை, நாட்கள்தான் தேவை. கொரியப் போரில் பிடிபட்ட அமெரிக்கர்களைச் சீனர்கள் முகாமில் வைத்துச் செய்தது அதைத்தான்: பசி, தனிமை, ஓயாத வகுப்பு, தன் குற்றத்தைத் தானே எழுதிக் கொடுப்பது. 1953-ல் போர் நின்றபோது 21 பேர் ஊர் திரும்ப மறுத்தார்கள். ஆனால் ஆயிரக்கணக்கானோர் திரும்பினார்கள். அந்த 21 பேரிலும் பெரும்பாலோர் பிற்பாடு வந்துவிட்டார்கள். பிடித்துவைத்த சூழல் விலகினால் பிடியும் தளரும் என்பதை அம்மாவிடம் சொல்லுங்கள்.

ஆகவே தம்பியின் அன்றாடத்தை விசாரியுங்கள். எத்தனை மணிக்குத் தூங்குகிறான்? தனியாக வெளியே போக முடிகிறதா? ஆதாரும் சான்றிதழும் யார் கையில்? “உன்னை ஏமாற்றுகிறார்கள்” என்று மட்டும் சொல்லாதீர்கள். வீட்டில் இப்படித்தான் சொல்வார்கள் என்று அங்கே ஏற்கெனவே சொல்லி வைத்திருப்பார்கள். நீங்கள் சொன்னதும் அவர்கள் பேச்சு பலித்த மாதிரி ஆகிவிடும். அப்பா மீன்பாடு பற்றியே பேசட்டும். பணம் அனுப்ப வேண்டாம். ஆள் சேர்த்தால் பணம் என்கிற திட்டங்களுக்கு 1978-லேயே தடைச் சட்டம் வந்துவிட்டது. போலீசில் புகார் கொடுக்கலாம். வெளியே விட மறுத்தால் உடனே 112. அம்மாவின் மனக்கலக்கத்துக்கு அரசின் மனநல உதவி எண்ணான 14416-ல் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். ஏர்வாடிக்குப் போய் வேண்டிக்கொள்வதானால் தாராளமாகப் போகட்டும். ஆயிரக்கணக்கில் கேட்டுத் தாயத்துக் கட்டுபவரிடம் மட்டும் வேண்டாம்.

அப்புறம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கரையேறியதும், பராமரிப்பு வேலைக்குக் கை வேண்டும் என்று அப்பாவே கூப்பிடட்டும். வந்துவிட்டால் முதல் இரண்டு நாள் எதையும் கிளறாமல் நன்றாகத் தூங்க விடுங்கள்.