மிகுபுனைவு (ஃபேண்டஸி) உலகமும் எழுதுபவரின் ஐயமும்: கேள்வி பதில்

கேள்வி: மூன்று ஆண்டுகளாக ஒரு கற்பனை நாட்டை உருவாக்கி வருகிறேன். பன்னிரண்டு தலைமுறை அரச வரலாறு, நிலப்படம், தனி எழுத்துமுறை என நான்கு குறிப்பேடுகள் நிறைந்துவிட்டன. கதையில் ஒரு வரிகூட எழுதவில்லை. இந்த உலகம் எப்போது தயாராகும்?

குறிப்பேட்டில் வளரும் உலகம் ஒருநாளும் தயாராகாது. ஒவ்வொரு விடையும் இரண்டு புதிய கேள்விகளை ஈன்றுகொண்டே இருக்கும். என் முதல் நாவலுக்கு முன் நானும் ஏறத்தாழ நான்கு ஆண்டுகள், இல்லாத ஒரு நாட்டின் நாள்காட்டியையும் வரி முறையையும் வகுத்துக்கொண்டிருந்தேன். அதை உழைப்பு என்றே உண்மையாக நம்பினேன். குறிப்புகளைப் பார்த்து யாரும் மோசமான கதை என்று சொல்ல முடியாது, அதனால்தான் அவற்றை விட்டு வெளியே வர மனம் ஒப்பவில்லை என்பது பிறகே புரிந்தது. உங்கள் முடிவுறாத உலகமும் தொடங்காத கதையும் அதே அச்சத்திலிருந்து பிறந்தவையாக இருக்கக்கூடும்.

அந்த நாட்டில் எந்த அதிகாரமும் இல்லாத ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். விடியற்காலையில் அவருக்குத் தண்ணீர் வேண்டும். கிணறு யாருடையது, காவலில் நிற்பவர் என்ன கேட்பார், கொடுப்பதற்கு இவரிடம் என்ன இருக்கிறது, மறுத்தால் என்ன நேரும் என்பதை ஒரே காட்சியாக எழுதுங்கள். விடை தெரியாத இடம் வந்தால் ஓரத்தில் ஒரு குறியிட்டுவிட்டு நகருங்கள். பத்துக் காட்சிகள் ஆனபின், குறிப்பேடுகளில் எந்தப் பக்கங்கள் கதைக்கு வேண்டியவை என்பது தெரிந்துவிடும். பன்னிரண்டு அரசர்களில் கிணற்றுக்கு வரி விதித்த ஒருவர் மட்டுமே தேறலாம். அதில் வருந்த ஒன்றுமில்லை.

கேள்வி: நிலம், மாயம், வரலாறு ஆகியவற்றில் எதிலிருந்து தொடங்குவது?

இதற்குத் தமிழிலேயே ஒரு பழைய வழி இருக்கிறது; அதைப் புனைவு எழுதுவோர் போதிய அளவு பயன்படுத்திக்கொள்ளவில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம். தொல்காப்பியத்தின் அகத்திணையியல், பாடலின் உலகத்தை முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்று மூன்றாகப் பகுக்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் முதலியவை கருப்பொருள். அங்கு வாழும் மனிதரின் உணர்வொழுக்கம் உரிப்பொருள். முதலைவிடக் கருவும், கருவைவிட உரியும் சிறந்தவை என்று உரையாசிரியர்கள் விளக்குவர்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஆண்டில் பாதி நாள் மூடுபனி விலகாத ஒரு கடற்கரையை எண்ணிக்கொள்ளுங்கள். கொடியும் விளக்கும் அங்கே பயன்படாது. ஆகவே படகுகளைக் கரைக்கு அழைப்பது பறையின் வேலை. பறைக்குத் தோல் தரும் விலங்கை உணவுக்காகக் கொல்லக் கூடாது என்று விதி இருக்கும். எதிரே வருபவர் தம் பெயரைச் சொல்லிக்கொண்டே நடக்க வேண்டும் என்பதால், பேசாமல் நடப்பதே குற்றமாகக் கருதப்படும். தெய்வத்துக்கு முகம் இராது, குரல் மட்டுமே இருக்கும். இனி உரிப்பொருளுக்கு வாருங்கள்: பேச்சிழந்த தன் மகனை அந்தக் கரையில் வளர்க்கும் ஒரு தாய். இங்கே கதை தொடங்கிவிட்டது. நிலமும் பறையும் தெய்வமும் அவளுக்காகவே இருந்தவைபோலத் தோன்றத் தொடங்கும்.

கேள்வி: என் கதையில் வரும் மாயசக்தி எழுதுபவரின் வசதிக்கு ஏற்ப வந்து போகிறது என்கிறார் என் தோழி. எப்படிச் சரிசெய்வது?

மாயத்தைக் கொண்டு சிக்கலை அவிழ்க்கும் உரிமை, அந்த மாயத்தை வாசகர் எவ்வளவு புரிந்துகொண்டிருக்கிறார் என்பதைப் பொறுத்தது என்று அமெரிக்க மிகுபுனைவு எழுத்தாளர் பிராண்டன் சாண்டர்சன் 2007இல் எழுதினார். அது பயனுள்ள அளவுகோல். ஆனால் பலர் அதைப் பின்பற்றி விதிகளைப் பட்டியலிடுவதோடு நின்றுவிடுகிறார்கள். விளைவுகளைத் தொடர்ந்து செல்வதில்லை.

அதைக் கம்பரிடம் கற்கலாம். கோசல நாட்டை அவர் காட்டும்போது, அங்கே வறுமை இல்லாததால் வள்ளன்மைக்கு இடமில்லை, எதிர்த்து நிற்கும் பகைவர் இல்லாததால் வலிமை வெளிப்படுவதில்லை, பொய் இல்லாததால் மெய் என்று தனியே ஒன்று தெரிவதில்லை என்கிறார். ஒரு நிலையை மாற்றினால் அதன் எதிர்நிலையும் பொருளிழக்கும் என்ற எண்ணம் எவ்வளவு கூர்மையானது! தொட்டாலே காயம் ஆறும் சக்தி உங்கள் உலகத்தில் இருந்தால், வீரம் என்ற சொல்லுக்கு அங்கே என்ன பொருள்? வைத்தியர் எதை உண்பார்? சிறையில் அடித்தவர்கள் மீது எந்தத் தடயத்தைக் காட்டி வழக்குத் தொடுப்பது? இவற்றில் ஒன்றுக்காவது கதைக்குள் விடை இருந்தால் உங்கள் தோழியின் குறை நீங்கும்.

கேள்வி: நிலப்படம் அவசியமா?

கட்டாயமில்லை, ஆனால் சிலருக்குப் படமே கதையைத் தரும். ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் 1881இல் விளையாட்டாக வரைந்த ஒரு தீவின் படத்திலிருந்துதான் அவருடைய புகழ்பெற்ற புதையல் கதையான 'டிரெஷர் ஐலண்ட்' பிறந்தது. வரைவதானால் சிலவற்றை நினைவில் வையுங்கள். ஆறுகள் பொதுவாக ஒன்றோடொன்று சேரும், கழிமுகத்தில்தான் பிரியும். ஈரக் காற்றை மறிக்கும் மலையின் மறுபக்கம் வறண்டிருக்கும். சுமையோடு நடப்பவர் நல்ல பாதையில் நாளொன்றுக்கு 25 முதல் 30 கிலோமீட்டர் கடப்பதே பெரிது.

கேள்வி: பெயர்கள் செயற்கையாக ஒலிக்கின்றன.

தமிழில் எந்த எழுத்துகள் சொல்லுக்கு முதலில் வரும், எவை இறுதியில் வரும் என்பதற்கு இலக்கண வரையறை உண்டு. உங்கள் நாட்டுக்கும் அப்படி ஒரு சிறு வரையறையை வகுத்து, எல்லாப் பெயர்களையும் அதற்குள் அமையுங்கள்.

கேள்வி: பெரிய எழுத்தாளர்களைப் படித்த பிறகு என் பக்கங்களைப் பார்க்கவே கூசுகிறது. எழுத எனக்குத் தகுதி உண்டா என்ற ஐயம் விலகவில்லை. இது உங்களுக்கு விலகிவிட்டதா?

விலகவில்லை, அதோடு வாழும் முறைதான் மாறியது. பாற்கடலை முழுவதும் நக்கிக் குடித்துவிடலாம் என்று புகுந்த பூனையைப் போல இக்கதையைச் சொல்லத் துணிந்தேன் என்று கம்பர் தம் அவையடக்கத்தில் கூறுகிறார். அது மரபான பணிவுதான் என்றாலும், அந்தப் பூனையின் வடிவில் நம் எல்லாருடைய அச்சமும் நிற்கிறது. ஐயத்துக்கு அவர் சில பாடல்களை ஒதுக்கினார். கதைக்குப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களை அளித்தார். அமெரிக்க எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக் 1938இல் 'தி கிரேப்ஸ் ஆஃப் ராத்' என்ற நாவலை எழுதியபோது வைத்திருந்த நாட்குறிப்பில், தாம் எழுத்தாளரே அல்லர் என்று எழுதிவிட்டு அன்றைய வேலையைத் தொடர்ந்தார். அந்த நாவலுக்கு 1940இல் புலிட்சர் பரிசு கிடைத்தது.

உங்கள் ஐயத்தை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். "எனக்குத் தகுதி இல்லை" என்பதைக் கொண்டு ஒரு வாக்கியத்தைக்கூடத் திருத்த முடியாது. "மூன்றாம் அத்தியாயத்தில் இவள் ஏன் திரும்பிப் போகிறாள் என்பது தெளிவாக இல்லை" என்பதைக் கொண்டு இன்று மாலையே திருத்தலாம். முதல் வகை எழும்போதெல்லாம் எந்தப் பக்கம், எந்த வரி என்று அதனிடம் கேளுங்கள். விடை வந்தால் திருத்துங்கள்; வராவிட்டால் அடுத்த வரிக்குச் செல்லுங்கள். இதை நான் இன்றும் செய்கிறேன்.

கேள்வி: முதல் வரைவைப் படித்த நண்பர் எதுவும் சொல்லவில்லை. அன்றோடு நிறுத்திவிட்டேன்.

அவரிடம் "எப்படி இருக்கிறது" என்று கேட்டிருப்பீர்கள். அதற்கு விடை சொல்வது யாருக்கும் கடினம். எந்த இடத்தில் கீழே வைத்தீர்கள், எந்தப் பாத்திரத்தின் பெயர் நினைவில்லை, எங்கே பக்கத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டியிருந்தது என்று கேளுங்கள். மௌனத்தைத் தீர்ப்பாகக் கொள்ளாதீர்கள்.

கேள்வி: எனக்கு ஐம்பத்தெட்டு வயது. இரவில் மட்டும் ஓடம் செலுத்தும் ஒரு பெண்ணைப் பற்றிய கதை இளமையிலிருந்தே மனத்தில் இருக்கிறது. காலம் கடந்துவிட்டதா அம்மா?

இல்லை ஐயா. ஆங்கில எழுத்தாளர் டோல்கீனின் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' என்ற நெடுங்கதையின் முதல் பகுதி 1954இல் அச்சேறியபோது அவருக்கு அறுபத்திரண்டு வயது. அந்தப் பெண் ஏன் பகலில் ஆற்றுக்கு வருவதில்லை என்பது இத்தனை ஆண்டுகளில் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதை அறியாத ஒரு பயணியை இன்றிரவு அவள் ஓடத்தில் ஏற்றுங்கள். அவர் கேட்கும் முதல் கேள்வியிலிருந்து எழுதுங்கள்.