36-ஆம் நாளில் மறுபடி பருவம்: கரு கலைந்ததா?

கேள்வி: எங்கள் ஜெர்சி கலப்பினப் பசுவுக்குச் சித்திரையில் சினை ஊசி போட்டோம். 21-ஆம் நாள் பருவத்துக்கு வரவில்லை. சினை தங்கிவிட்டது என்றிருந்தோம். 36-ஆம் நாள் கத்துகிறது, வழும்பு (பிறப்புறுப்பில் வடியும் சளி) போடுகிறது. தொழுவத்தில் எதுவும் விழுந்து கிடக்கவில்லை. கரு கலைந்துவிட்டதா? உடனே ஊசி போடலாமா? (வாசகர், தேவகோட்டை)

பதில்: கலைந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம். நாள் குறித்து வைத்தீர்களே, அதனால்தான் இவ்வளவாவது சொல்ல முடிகிறது. ‘நான் இருக்கிறேன்’ என்று தாய்க்குத் தெரிவிக்கும் ஒரு புரதத்தை 16, 17-ஆம் நாள் வாக்கில் கருவே சுரக்கும். அதற்கு முன்பே கரு செத்தால் பசு வழக்கம்போல 21-ஆம் நாள் வாக்கில் பருவத்துக்கு வந்துவிடும். சினையே பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொள்வோம். பிறகு செத்தால் பருவம் தள்ளிப்போகும். உங்கள் 36 நாள் இந்த வகை. 42 நாள், அதாவது இரண்டு 21, என்றிருந்தால், நடுவில் ஒரு பருவத்தைக் கவனிக்காமல் விட்டீர்களோ என்றுதான் முதலில் கேட்டிருப்பேன்.

எதுவும் விழவில்லை என்பதில் ஆச்சரியமில்லை. அந்த வயதுக் கரு விரல் நுனி அளவுதான். உள்ளேயே கரைந்துவிடும், இல்லையென்றால் வழும்போடு போய்விடும்.

சரி, ஊசி? கொஞ்சம் பொறுங்கள். சினைப் பசுவும் எப்போதாவது பருவம் காட்டும். அப்போது ஊசிக்குழலைக் கருப்பைக்குள் விட்டால் நல்ல சினையும் கலையும். மருத்துவர் முதலில் கையை உள்ளே விட்டுச் சோதித்துப் பார்க்கட்டும். ஸ்கேன் வசதி இருந்தால் இன்னும் நல்லது. சினை இல்லை, வழும்பும் கண்ணாடி போலத் தெளிவு என்றால் போடலாம். காலையில் பருவம் கண்டால் மாலையில், மாலையில் கண்டால் மறுநாள் காலையில். வழும்பு கலங்கி, வெள்ளை இழை தெரிந்தால் கருப்பையில் சீழ். இந்தப் பருவத்தை விட்டுவிட்டு வைத்தியம் பாருங்கள்.

காரணம் என்று கேட்டால், சித்திரை வெயிலைத்தான் முதலில் சந்தேகப்படுவேன். செட்டிநாட்டு வெயிலில் தகரக் கொட்டகைக்குள் மதியம் நின்று பாருங்கள், புரியும். ஊசி போட்ட முதல் வாரம் கரு சூட்டை அறவே தாங்காது, பிறகும் சூடு கெடுதல்தான். அந்த வாரமாவது கூரைமேல் தென்னங்கீற்று போடுங்கள், மதியம் பசுவின் மேல் தண்ணீர் தெளியுங்கள், தீவனத்தை விடியற்காலையும் பொழுது சாய்ந்தும் வையுங்கள். கன்று ஈன்றபின் விலா எலும்பு தெரிய இளைத்திருந்தால் தீவனம் போதவில்லை என்று அர்த்தம். தாது உப்புக் கலவையும் தினம் 30 முதல் 50 கிராம் சேருங்கள்.

புருசெல்லோசிஸ் என்ற தொற்றுநோயாக இருக்கும் என்று யாராவது பயமுறுத்துவார்கள். அது பெரும்பாலும் ஐந்து மாதத்துக்கு மேல்தான் கன்று வீச வைக்கும்.