பைபரசின் கொடுத்தும் எச்சத்தில் அரிசித் துணுக்கு நிற்கவில்லையே, ஏன்?

கேள்வி: ஐயா, வணக்கம். காங்கயத்துக்கும் வெள்ளகோவிலுக்கும் இடையில் எங்கள் தோட்டம் இருக்கிறது. தென்னந்தோப்பில் கொட்டகை போட்டு, கறிக்கும் முட்டைக்குமாக 700 நாட்டுக்கோழிகள் வளர்க்கிறேன். மூன்றரை மாதம் ஆகியும் கோழிகள் ஒரு கிலோவைத் தொடவில்லை. தீவனம் மட்டும் குறையாமல் தின்கின்றன. கையில் பிடித்துப் பார்த்தால் நெஞ்செலும்பு கத்திபோல் தட்டுப்படுகிறது. எச்சத்தில் வெந்த அரிசிபோல் வெள்ளைத் துணுக்குகள் தெரிகின்றன. மருந்துக்கடையில் கேட்டுப் பைபரசின் என்னும் குடற்புழு மருந்து வாங்கி, பத்து நாள் இடைவெளியில் இரண்டு முறை தண்ணீரில் கலந்து கொடுத்தேன். முதல் முறை நீளமான புழுக்கள் சில விழுந்தன. அரிசித் துணுக்கு மட்டும் நிற்கவே இல்லை. இந்த வாரம் பக்கத்துக் கொட்டகையில் ஒரு மாதக் குஞ்சுகள் இரத்தமாகக் கழிகின்றன. ஏழு குஞ்சுகள் இறந்துவிட்டன. அவற்றுக்கும் இதே புழு மருந்தைக் கொடுக்கலாமா, இதைவிட வலுவான மருந்து ஏதும் இருக்கிறதா? வேப்பங்கொழுந்து அரைத்துக் கொடுத்தால் போதும் என்கிறார் மாமனார்.

பதில்: அம்மணி, முதலில் குஞ்சுகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெரிய கோழிகள் ஒரு வாரம் பொறுக்கும், குஞ்சுகள் பொறுக்காது. இதைப் படித்த உடனே அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்குச் செல்லுங்கள். இறந்த குஞ்சு ஒன்றைப் பாலித்தீன் பையில் கட்டி எடுத்துச் செல்லுங்கள்.

நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் அது இரத்தக் கழிச்சல். பேச்சுவாக்கில் அதையும் புழுக் கணக்கில் சேர்த்துவிடுகிறோம். உண்மையில் அதற்கும் புழுவுக்கும் தொடர்பில்லை. ஐமீரியா என்னும் ஒற்றைச் செல் உயிரி குடலின் உட்சுவரில் புகுந்து, பெருகி, அந்தச் செல்களை வெடிக்கச் செய்து வெளியேறுகிறது. அந்தப் புண்ணிலிருந்து வருவதுதான் இரத்தம். அதன் ஒரு வகை, குடலின் கடைப்பகுதியில் பைபோல் பிரியும் குருட்டுக்குடல் இரண்டிலும் உட்கார்ந்துகொள்ளும். இறந்த குஞ்சை அறுத்தால் அவை இரத்தம் நிரம்பிப் புடைத்திருக்கும். குடற்புழு மருந்து எதுவும் இதைத் தொடாது. பைபரசினை இன்னொரு முறை கொடுத்துவிட்டு இரண்டு நாள் காத்திருந்தீர்களானால் அந்த இரண்டு நாளில் இன்னும் பல குஞ்சுகள் போய்விடும்.

இதற்கு வழக்கமாகக் கொடுக்கும் மருந்து ஆம்புரோலியம். நோய் கண்ட குஞ்சு தீவனத்தை விட்டுவிட்டாலும் தண்ணீர் குடிக்கும். அதனால் மருந்தைத் தண்ணீரில்தான் கொடுக்கிறோம். அளவை மருத்துவர் எழுதித் தருவார். மருந்து கொடுக்கும் நாட்களில் வேறு தண்ணீர் எதுவும் குஞ்சுகளுக்கு எட்டக்கூடாது. பலர் அறியாமல் ஒரு தவறு செய்கிறார்கள்: குஞ்சு சோர்ந்திருக்கிறதே என்று அதே தண்ணீரில் பி காம்ப்ளக்ஸ் டானிக்கையும் ஊற்றிவிடுகிறார்கள். ஆம்புரோலியம், பி1 வைட்டமின் அந்த உயிரிக்குக் கிடைக்காமல் தடுத்தே அதை அடக்குகிறது. நீங்களே பி1 ஊற்றிக் கொடுத்தால் மருந்து வேலை செய்யாது. டானிக்கை மருந்துக் கெடு முடிந்த பிறகு கொடுங்கள்.

தண்ணீர்ப் பாத்திரத்தைச் சுற்றி நனைந்து கட்டிபட்டிருக்கும் கூளத்தை, அதாவது தரையில் பரப்பிய படுக்கையை, இன்றைக்கே சுரண்டி வெளியேற்றுங்கள். எச்சத்தில் வெளிவரும் ஐமீரியா முட்டைக்கு ஈரமும் சூடும் கிடைத்தால் ஒன்றிரண்டு நாளிலேயே தொற்றும் பக்குவத்துக்கு வந்துவிடும். காய்ந்த கூளத்தில் அது பக்குவப்படுவது கடினம். பாத்திரத்தின் விளிம்பு குஞ்சின் முதுகு உயரத்துக்கு வரும்படி தூக்கி வைத்தால் தண்ணீர் சிந்துவது குறையும். கடையில் விற்கும் குஞ்சுத் தீவனத்தில் பெரும்பாலும் இரத்தக் கழிச்சல் தடுப்பு மருந்து சேர்ந்தே வரும். வீட்டில் மக்காச்சோளமும் கம்பும் அரைத்துக் கொடுப்பவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. நீங்கள் எதைக் கொடுக்கிறீர்கள் என்பதை மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள். தீவனத்தில் இருக்கும் சாலினோமைசின் போன்ற தடுப்பு மருந்தோடு டயாமுலின் என்னும் மருந்து சேர்ந்தால் கோழிக்கு நஞ்சாகிவிடும். எனவே இது முக்கியம்.

இனிப் பெரிய கோழிகள். நீங்கள் கொடுத்த பைபரசின் பழுதில்லை. முதல் முறை நீளமாக விழுந்தவை உருண்டைப் புழுக்கள். பைபரசின் அவற்றை மரத்துப்போகச் செய்து எச்சத்தோடு வெளியே தள்ளும். அந்த வேலையை அது சரியாகவே செய்திருக்கிறது. அரிசித் துணுக்கு வேறு புழுவுடையது. அது நாடாப்புழுவின் உடலிலிருந்து கழன்று விழும் கணு. நாடாப்புழுவின் தலை குடல் சுவரைக் கவ்விக்கொண்டிருக்கும். கழுத்திலிருந்து புதுக் கணுக்கள் வளர்ந்துகொண்டே இருக்கும். முற்றிய கணுக்கள் முட்டைகளோடு வாலிலிருந்து உதிரும். தலை உள்ளே இருக்கும்வரை துணுக்கு விழுவது நிற்காது. பைபரசினும் சரி, லெவாமிசோல் என்னும் இன்னொரு புழு மருந்தும் சரி, அந்தத் தலையை அசைக்காது. வலுவான மருந்து இருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தப் புழுவுக்குரிய மருந்து எது என்பதுதான் உங்கள் கேள்வியாக இருக்க வேண்டும்.

மருந்து வாங்குவதற்கு முன்பு இரண்டு காரியங்கள் செய்யுங்கள். விடியற்காலையில் கொட்டகைக்குள் சென்று அப்போதுதான் விழுந்த எச்சத்தைப் பாருங்கள். நாடாப்புழுவின் கணு புதிதாக விழுந்ததும் மெல்ல நெளியும். மதியம்வரை கிடந்த எச்சத்தில் நெளிவது ஈயின் புழுவாகவும் இருக்கலாம். அதைப் பார்த்துவிட்டுக் கோழிக்கு மருந்து கொடுத்தவர்கள் உண்டு.

அடுத்து, மிகவும் மெலிந்த கோழி ஒன்றை அறுத்துப் பாருங்கள், அல்லது உயிரோடு மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். குடலை நீளவாக்கில் கத்தரிக்கோலால் பிளந்து, கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர் ஊற்றி அதில் அலசுங்கள். கறுப்புப் பின்னணியில் நாடாப்புழு வெள்ளை நாடாவாக மிதக்கும். உருண்டைப் புழு தடித்த நூல்போல 5 முதல் 10 சென்டிமீட்டர்வரை இருக்கும். குருட்டுக்குடல் நுனியில் ஒரு சென்டிமீட்டர் அளவில் ஊசிபோல நெளிந்தால் அது குருட்டுக்குடல் புழு. முடிபோல் மெல்லிய இன்னொரு வகை கண்ணுக்கு எளிதில் அகப்படாது. அதற்கு எச்சத்தை நுண்ணோக்கியில்தான் பார்க்க வேண்டும். குடல் சுவரில் கொப்புளம் கொப்புளமாக முடிச்சு விழுந்திருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள், நாடாப்புழுவில் ஒரு வகை அப்படிச் செய்யும். பத்துப் பதினைந்து கோழிகளின் புது எச்சத்தைச் சிறு டப்பாவில் சேர்த்து, நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ உங்கள் மாவட்டக் கால்நடை நோய்ப் புலனாய்வுப் பிரிவிலோ கொடுத்தால் எந்தப் புழுவின் முட்டை என்று பார்த்துச் சொல்வார்கள். கோழிகள் திடீரென்று கூட்டமாக இறந்தால் மட்டும் எதையும் அறுக்காதீர்கள். உடனே கால்நடைத் துறைக்குத் தகவல் சொல்லுங்கள்.

வெள்ளகோவில் பக்கம் ஒரு பண்ணையில் ஐந்து வகை மருந்து மாற்றி மாற்றிக் கொடுத்து ஓய்ந்துபோன பிறகு என்னை அழைத்தார்கள். ஒரே ஒரு கோழியை அறுத்ததும் விடை கிடைத்தது. அந்தக் கோழியை முதல் வாரமே அறுத்திருக்கலாமே என்று இன்றைக்கும் எனக்கு மனம் வருந்துகிறது.

பல்லடத்துக் கறிக்கோழிக்காரர்களும் நாமக்கல் முட்டைப் பண்ணைக்காரர்களும் செய்வதை அப்படியே நாமும் செய்தால் என்ன என்று நினைப்பீர்கள். அவர்களின் சிக்கலே வேறு. உருண்டைப் புழுவின் முட்டை கோழியின் வயிற்றில் போய், வளர்ந்து, தானும் முட்டையிட 5 முதல் 8 வாரம் ஆகிறது. கறிக்கோழி அதற்குள் விற்பனைக்குப் போய்விடும்; அங்கே தொல்லை இரத்தக் கழிச்சல்தான். நாமக்கல்லில் கூண்டில் நிற்கும் கோழிக்குத் தன் எச்சம் எட்டாது, அதனால் உருண்டைப் புழு குறைவு. ஆனாலும் ஈ பறந்து வந்துவிடுகிறது, ஈயோடு நாடாப்புழுவும் வருகிறது. உங்கள் கோழிகள் கூளத்தில் படுத்து, தோப்பில் மேய்ந்து, எட்டு மாதம் பத்து மாதம் நிற்பவை. எல்லா வகைக்கும் உங்கள் பண்ணையில் வழி இருக்கிறது.

அந்த வழியைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். உருண்டைப் புழு எச்சத்திலிருந்து நேராகக் கோழிக்குப் போகும். முட்டை கூளத்தில் விழுந்து இரண்டு வாரம்போலப் பக்குவப்பட்டால் போதும். நாடாப்புழுவால் அப்படி நேராகப் போக முடியாது. நடுவில் அதற்கு ஒரு வீடு வேண்டும். கணுவிலிருக்கும் முட்டையை எறும்போ, கூளத்தில் ஊரும் வண்டோ, ஈயின் புழுவோ தின்ன வேண்டும். அதன் உடலுக்குள் முட்டை வளர வேண்டும். பிறகு அந்த எறும்பை அல்லது வண்டைக் கோழி கொத்தித் தின்ன வேண்டும். தின்ற இரண்டு மூன்று வாரத்தில் புதுக் கணு உதிரத் தொடங்கிவிடும். ஆகவே எறும்பையும் ஈயையும் விட்டுவிட்டு மருந்து மட்டும் கொடுத்தால் ஒரு மாதத்தில் பழைய நிலைக்கே வந்துவிடுவீர்கள்.

மாடு கட்டும் உங்கள் கட்டுத்தரையும் குப்பைக்குழியும் கொட்டகையிலிருந்து எத்தனை அடி தள்ளி இருக்கின்றன என்று எழுதவில்லை. காங்கயம் பக்கம் மாடில்லாத தோட்டம் இருக்காது. பல இடங்களில் சாணக்குவியலும் கோழிக் கொட்டகையும் அடுத்தடுத்துத்தான் இருக்கின்றன. வெயில் காலத்தில் வீட்டு ஈ முட்டையிலிருந்து ஈயாகப் பறக்க ஏழு முதல் பத்து நாள் போதும். அதற்குள் சாணத்தை வாரிக் குழியில் தள்ளி மண் மூடிவிட்டால் ஈ பெருகாது. தீவன மூட்டைகளைத் தரையில் வைக்காமல் மரப்பலகை மேல் வைத்து, பலகையின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்துங்கள். சிந்திய தீவனத்தை மாலையில் கூட்டிவிடுங்கள், எறும்பு வருவதே அதற்காகத்தான். எறும்புப் புற்றில் பூச்சிமருந்து ஊற்றிவிடலாம் என்று தோன்றும். கோழி கொத்தும் இடத்தில் அது வேண்டாம்.

நாடாப்புழுவுக்கு வேலை செய்யும் மருந்து பிராசிகுவான்டல். மருத்துவர் சீட்டோடு வாங்குங்கள். வழக்கமான அளவு கிலோ எடைக்கு 10 மில்லிகிராம். கணக்கு எப்படி வருகிறது பாருங்கள்: பெரிதும் சிறிதுமாகக் கைக்கு வந்த 20 கோழிகளை எடை போடுங்கள். சராசரி 900 கிராம் என்றால் 700 கோழிக்கு 630 கிலோ. தேவையான மருந்து 6.3 கிராம். மாத்திரையாகவோ தூளாகவோ வாங்கினால் அதில் மூலமருந்து எத்தனை மில்லிகிராம் என்று பார்த்தே இதைக் கணக்கிட வேண்டும். இவ்வளவு சிறிய அளவை 20 கிலோ தீவனத்தில் ஒரேயடியாகக் கொட்டினால் சில கோழிக்கு அதிகமாகவும் சில கோழிக்கு ஒன்றுமில்லாமலும் போகும். முதலில் அரைக்கிலோ மக்காச்சோள மாவில் கலந்து, அதை 5 கிலோவில் கலந்து, பிறகு முழுத் தீவனத்திலும் கலக்குங்கள். தண்ணீரில் இந்த மருந்து கரையாது. முதல் நாள் மாலையே தீவனத் தட்டுகளை எடுத்துவிட்டு, விடிந்ததும் மருந்துத் தீவனத்தை வையுங்கள். அன்று மட்டும் தட்டுகளை இரட்டிப்பாக்குங்கள். இல்லாவிட்டால் வலுத்த சேவல்கள் தின்றுவிடும், மெலிந்தவை ஓரத்தில் நிற்கும். அந்த மெலிந்தவற்றுக்காகத்தானே இவ்வளவு பாடும்.

மருந்து தின்ற பிறகு இரண்டு மூன்று நாள் எச்சம் முழுக்கக் கணுவும் முட்டையுமாக இருக்கும். அந்த நாட்களில் கோழிகளை மேயவிடாமல் அடைத்து வைத்து, எச்சத்தோடு மேல்கூளத்தை வாரி, கொட்டகைக்கு எட்டத்தில் குவித்து, தார்ப்பாய் போட்டு மூடுங்கள். குவியல் உள்ளே சூடேறினால் முட்டை சாகும். முட்டையிடத் தொடங்க உங்கள் கோழிகளுக்கு இன்னும் இரண்டு மாதம்போல இருப்பதால் இப்போது செய்வது நல்லது. இடத் தொடங்கிய பிறகு என்றால் அந்த முட்டையை எத்தனை நாள் விற்கக்கூடாது என்ற கேள்வி வந்துவிடும். கறிக்கு விற்பதற்கும் மருத்துவர் சொல்லும் நாள் கழிய வேண்டும்.

உருண்டைப் புழுவையும் மறந்துவிட வேண்டாம். பைபரசின் வளர்ந்த புழுவைத்தான் தள்ளும், குடல் சுவரில் ஒட்டியிருக்கும் குட்டிப் புழு தப்பிவிடும். அடுத்த சுற்றில் லெவாமிசோல் அல்லது பென்பெண்டசோல் கொடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அவை குருட்டுக்குடல் புழுவையும் பிடிக்கும். இறகு முளைக்கும் பருவத்தில் பென்பெண்டசோல் கொடுத்தால் இறகு கோணலாக வரக்கூடும் என்பதால் பருவம் பார்த்துக் கொடுக்க வேண்டும். இப்போதுள்ள குஞ்சுகள் பிழைத்து ஏழாவது வாரத்தை எட்டும்போது முதல் குடற்புழு நீக்கத்தைச் செய்துவிட்டு, எட்டாவது வாரத்தில் வெள்ளைக் கழிச்சல் (ராணிக்கெட் நோய்) தடுப்பூசி போடுங்கள். வயிற்றில் புழுவோடு இருக்கும் கோழிக்குத் தடுப்பூசியின் பலன் முழுதாகக் கிடைக்காது.

கூளம் என்ன போட்டிருக்கிறீர்கள்? தென்னைநார்க் கழிவாக இருந்தால் கவனம் வேண்டும். அது மேலே பொடியாகக் காய்ந்திருக்கும், அடியில் ஈரம் பிடித்து வைத்திருக்கும். அடியிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பாருங்கள். உருண்டையாகவே நின்றால் ஈரம் அதிகம். கையைத் திறந்ததும் உதிர்ந்தால் சரி. ஐப்பசி, கார்த்திகை மழையில் தினமும் கிளறிவிட வேண்டும். தோப்பிலும் தென்னைக்குத் தண்ணீர் பாயும் பாத்தியின் நிழலும் ஈரமும் புழு முட்டைக்கு மாதக்கணக்கில் உயிர் கொடுக்கும். வலை கட்டித் தோப்பை நான்காகப் பிரித்து, ஒரு பகுதியில் மேயும்போது மற்ற மூன்றும் ஓய்வாகக் காயட்டும். நம் பக்கத்துச் சித்திரை வெயிலைவிடச் சிறந்த கிருமிநாசினியை நான் பார்த்ததில்லை. நிழலற்ற பகுதியை அந்த மாதத்தில் ஒரு முறை உழுது போட்டால் புரண்ட மண் நன்றாகக் காயும்.

மாமனார் சொன்ன வேப்பங்கொழுந்தைத் தீவனத்தோடு சிறிது அரைத்துக் கொடுப்பதில் தவறில்லை, அவர் மனமும் குளிரும். குஞ்சுகளின் இரத்தக் கழிச்சலுக்கு அதை நம்பி ஒரு நாளும் தள்ளிப் போடாதீர்கள். பாக்கை அரைத்துக் கொடுக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள், அளவு சற்று மீறினாலும் கோழி தாங்காது.

எச்சப் பரிசோதனை முடிவும், 20 கோழிகளின் எடையும், சாணக்குழி இருக்கும் தூரமும் அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். இறந்த குஞ்சுகளை வாய்க்கால் ஓரத்தில் போடாமல் ஆழக் குழி எடுத்துச் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள்.