வேகமானி கூட்டிக் காட்டினால் ஓடிய கிலோமீட்டரும் பொய்யா?

கேள்வி: சுங்கை சிப்புட்டுக்கு அருகில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் குடியிருக்கிறேன். சென்ற மாதம் ஒரு புரோக்கர் மூலம் 2017ஆம் ஆண்டு மைவி கார் ஒன்றை வாங்கினேன். மீட்டரில் 68,000 கிலோமீட்டர் இருந்தது. நெடுஞ்சாலையில் மீட்டர் 110 காட்டும்போது கைப்பேசியில் வேஸ் என்ற வழிகாட்டிச் செயலி 103தான் காட்டுகிறது. இதைச் சொன்னவுடன், மீட்டரில் யாரோ கை வைத்திருக்கிறார்கள், 350 ரிங்கிட் கொடுத்தால் வேகம், கிலோமீட்டர் இரண்டையும் சரிப்படுத்தித் தருகிறேன் என்கிறார் பட்டறைக்காரர் ஒருவர். நான் ஏமாந்துவிட்டேனா ஐயா?

பதில்: முதலில் அந்த 350 ரிங்கிட்டை யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள். நீங்கள் பார்த்த 7 கிலோமீட்டர் வித்தியாசம் யாரும் செய்த மோசடி அன்று. காரைத் தயாரித்தவர்களே தெரிந்து வைத்த வித்தியாசம் அது. வேகமானிகளுக்கான ஐக்கிய நாடுகளின் 39ஆம் விதி, மீட்டர் காட்டும் வேகம் உண்மையான வேகத்தைவிட ஒருபோதும் குறைந்திருக்கக் கூடாது என்கிறது. கூடுதலாக இருக்கலாம், அதற்கும் ஒரு வரம்பு உண்டு. உண்மையான வேகத்தில் பத்தில் ஒரு பங்கு, அதனுடன் 4 கிலோமீட்டர் என்பது அந்த வரம்பு. அந்தக் கணக்கில், நீங்கள் உண்மையில் 103இல் போகும்போது மீட்டர் 117 வரை காட்டலாம். உங்களுடையது 110தான் காட்டுகிறது.

டயர் தேயும், காற்று குறையும். புதிய டயரின் வரிப்பள்ளத்தின் ஆழம் ஏறக்குறைய 8 மில்லிமீட்டர் என்றால், சட்டப்படி ஓட்டக்கூடிய கடைசி அளவான 1.6 மில்லிமீட்டருக்கு அது தேயும்போது சக்கரத்தின் விட்டம் 13 மில்லிமீட்டர் வரை சுருங்கிவிடுகிறது. சிறிய கார்களில் இதுவே நூற்றுக்கு இரண்டுக்கும் மேற்பட்ட மாற்றம். எந்த நிலையிலும் முள் குறைத்துக் காட்டிவிடக் கூடாது என்பதற்காகவே கம்பெனிக்காரர்கள் கொஞ்சம் தாராளமாகக் கூட்டி வைக்கிறார்கள். வேஸ் செயற்கைக்கோளைக் கொண்டு கணக்கிடுவதால், நேரான சாலையில் ஒரே வேகத்தில் போகும்போது அதை நம்பலாம். மெனோரா சுரங்கப்பாதைக்குள் போய்ப் பார்த்துவிட்டுக் குழம்ப வேண்டாம்; அங்கே சிக்னல் கிடைக்காது.

இனி உங்கள் உண்மையான கவலைக்கு வருகிறேன். ஓடிய தூரமும் சக்கரம் சுற்றுவதை எண்ணித்தான் கணக்கிடப்படுகிறது. ஆனால் கூட்டிக் காட்டும் அந்தத் தாராளம் பொதுவாக வேகம் காட்டும் முள்ளோடு நின்றுவிடும், தூரத்தில் சேராது. ஈப்போவைத் தாண்டி பீடோர் பக்கம் சமதளமாக உள்ள நெடுஞ்சாலையில் ஒரு கிலோமீட்டர் கல்லருகே டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கி, பத்துக் கிலோமீட்டர் தள்ளி இன்னொரு கல்லில் பாருங்கள். பொத்தானை அழுத்துவதற்குப் பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும். 9.9க்கும் 10.2க்கும் இடையில் வந்தால் உங்கள் மீட்டர் ஒழுங்காக எண்ணுகிறது என்று பொருள்.

ஒழுங்காக எண்ணுகிறது என்பதால் 68,000 என்ற எண் உண்மை என்று ஆகிவிடாது. ஒழுங்காக ஓடும் கடிகாரத்தின் முள்ளை ஒருவர் பின்னால் திருப்பி வைத்தாலும், அதற்குப் பிறகு அது நிமிடங்களைச் சரியாகவே எண்ணும். வேஸும் கிலோமீட்டர் கல்லும் மீட்டர் திருப்பப்பட்டதா என்பதைச் சொல்லவே முடியாது. பட்டறைக்காரர் இந்த இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போட்டதுதான் எனக்குப் பெரிய சந்தேகத்தைத் தருகிறது. அவர் காரில் செருகப் போகும் கருவியும் மீட்டரைப் பின்னால் திருப்புகிறவன் செருகும் கருவியும் பெரும்பாலும் ஒரே வகையைச் சேர்ந்தவை. அவர் கை வைத்த பிறகு பழைய தடயம் அழிந்துபோகும். நாளை நீங்கள் புகார் கொடுத்தால், மீட்டரைத் தொட்டது நீங்கள்தான் என்று விற்றவர் சுலபமாகக் கைகழுவிவிடுவார்.

உண்மையைத் தேட வேண்டிய இடம் வேறு. மைவியைத் தயாரிக்கும் பெரோடுவாவின் சர்வீஸ் நிலையத்துக்குக் காரையும் கிராண்டையும் (காரின் உரிமைச் சான்று) கொண்டுபோய், இந்தக் கார் இதற்கு முன் எந்தத் தேதியில், எத்தனை கிலோமீட்டரில் சர்வீஸுக்கு வந்தது என்று கேளுங்கள். 2020இலேயே 90,000 என்று பதிவாகியிருந்தால் அதற்கு மேல் பேச்சே தேவையில்லை. கண்ணாடி ஓரத்திலும் கதவுச் சட்டத்திலும் ஒட்டிய பழைய எண்ணெய் மாற்றும் ஸ்டிக்கரைத் தேடுங்கள். மீட்டரைத் திருப்புகிறவர்கள் அதைக் கிழிக்க மறந்துவிடுவது உண்டு. பிரேக் மிதியின் ரப்பர் வழுவழுவென்று தேய்ந்திருந்தாலும், ஸ்டீயரிங் தோல் பளபளத்திருந்தாலும் 68,000 என்ற கணக்கைச் சந்தேகப்பட வேண்டும்.

பழைய சொந்தக்காரர் டயர் அளவை மாற்றியிருந்தால் மட்டும் நான் மேலே சொன்ன கணக்கு மாறும். தோட்டத்து மண்சாலைக்காக உயரமான டயர் போடுகிறவர்கள் நம் பக்கத்தில் நிறையப் பேர். 185/55 ஆர்15 அளவு டயர் இருந்த இடத்தில் 195/60 ஆர்15 போட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். விட்டம் சுமார் 584 மில்லிமீட்டரிலிருந்து 615க்கு ஏறுகிறது. அதாவது நூற்றுக்கு ஐந்துக்கும் சற்று அதிகம். மீட்டருக்கு இது தெரியாது. அது பழைய சக்கரம் என்றே நினைத்து எண்ணுகிறது. எனவே மீட்டர் 10,000 கிலோமீட்டர் காட்டும்போது கார் ஏறக்குறைய 10,500 ஓடியிருக்கும். வேகத்திலும் அப்படியே: மீட்டர் 110 காட்டும்போது 103இல் போன கார், இந்த டயரோடு 108ஐத் தாண்டிப் போகும். இன்னும் உயரமான டயர் போட்டால் முள் குறைத்துக் காட்டத் தொடங்கும். 110இல்தான் போகிறேன் என்று நம்பிப் போகிறவருக்கு சம்மன் வரும். ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் டயர் அளவையும் உங்கள் டயரின் பக்கவாட்டில் உள்ள அளவையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஆனால் டயர் மாற்றத்தால் வரும் பிழை ஆயிரங்களில்தான் இருக்கும்; அது ஒரு லட்சத்தை 68,000 ஆக்காது.

பெயர் மாற்றத்துக்கான ஆய்வில் கார் தேறியதே என்று புரோக்கர் சொல்வார். அந்த ஆய்வு முக்கியமாக சேசிஸ் எண்ணையும் இயந்திர எண்ணையும் சரிபார்த்து, இது திருட்டு வண்டியோ ஒட்டுப்போட்ட வண்டியோ இல்லை என்று உறுதிசெய்வதற்கானது. மீட்டரில் உள்ள எண்ணுக்கு அது சாட்சி சொல்லாது. ஜப்பானில் வாகன ஆய்வுச் சான்றிதழுக்கான விவரங்களில் அன்றைய மீட்டர் எண் பதிவாகிறது. நம் கிராண்டில் அப்படி ஒரு வரி சேர்ப்பதற்கு என்ன பெரிய செலவாகிவிடும்? தோட்டச் சம்பளத்தில் சிறுகச் சிறுகச் சேர்த்துக் கார் வாங்குகிறவர் தானே துப்பறிவாளராக அலைய வேண்டியிருப்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

சர்வீஸ் பதிவு வேறு எண்ணைக் காட்டினால், அதன் நகல், விற்பனை ரசீது, 68,000 என்று சொன்ன விளம்பரம் அல்லது வாட்ஸ்ஆப் செய்தி ஆகிய மூன்றையும் பத்திரப்படுத்திக்கொண்டு பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். கட்டணம் 5 ரிங்கிட், 50,000 ரிங்கிட் வரை கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை, மூன்று ஆண்டுகளுக்குள் போக வேண்டும். அங்கே வியாபாரிமீதுதான் வழக்குப் போட முடியும், காரைத் தன் சொந்தக் காராக விற்ற தனிநபர்மீது முடியாது. இதை அறிந்தே சில புரோக்கர்கள் தங்கள் பெயரை ரசீதில் எங்கும் எழுதாமல், பழைய சொந்தக்காரர் நேரடியாக விற்றதுபோல் தாள்களைத் தயாரிக்கிறார்கள். ஆகவே பட்டறைக்காரரிடம் போவதற்கு முன், இன்றிரவே உங்கள் ரசீதை எடுத்து, பணம் வாங்கியவராக அதில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். புரோக்கர் பெயர் இல்லாவிட்டால், அவருக்குப் பணம் அனுப்பிய வங்கிப் பதிவைத் தேடி எடுத்து வையுங்கள்.