காமிக்ஸ் மூலப் பக்கத்தை அட்டையில் ஒட்டலாமா?

கேள்வி: சிறு வயதிலிருந்து விரும்பிப் படித்த ஓர் அமெரிக்கக் காமிக்ஸ் தொடரின் மூல ஓவியப் பக்கம் ஒன்றை ஒரு விற்பனையாளரிடமிருந்து வாங்கியிருக்கிறேன். 1970-களில் வரையப்பட்டது என்று சொன்னார். பக்கம் சற்று வளைந்திருக்கிறது. நீலப் பென்சில் கோடுகளும் மஞ்சள் பூத்த வெள்ளைப் பூச்சுத் திட்டுகளும் தெரிகின்றன. பேச்சு பலூன் ஒன்று கழன்று தனியே வந்துவிட்டது. அட்டையில் ஒட்டினால் வளைவு போய்விடும் என்றும், ஓரத்தைச் சிறிது வெட்டினால் தயார் அளவு பிரேமிலேயே அடங்கும் என்றும், நீலக் கோடுகளை அழித்துச் சுத்தமாக்கித் தருவதாகவும் பிரேம் போடுபவர் சொல்கிறார். விற்றவர் கொடுத்த நம்பகச் சான்றிதழைப் பின்புறம் ஒட்டிவிடலாம் என்பதும் அவருடைய யோசனைதான். செய்யலாமா?

பதில்: நான்கில் ஒன்றையும் செய்யாதீர்கள். ஏற்கெனவே பக்கத்தை அவரிடம் கொடுத்திருந்தால், இந்தப் பதிலைப் படித்து முடிப்பதற்குள் திரும்ப வாங்கிவிடுங்கள்.

உங்கள் கையில் இருப்பது சுவரில் மாட்டுவதற்காக வரையப்பட்ட படம் அல்ல. அச்சகக் கேமராவுக்கு முன்னால் வைப்பதற்காகத் தயாரிக்கப்பட்ட வேலைத்தாள். ஓவியர் பென்சிலால் வரைந்து, இன்னொருவர் மையிட்டு, மற்றொருவர் வசனம் எழுதி, ஆசிரியர் குழுவில் யாரோ வெட்டி ஒட்டித் திருத்திய பிறகுதான் அது அச்சுக்குப் போயிருக்கும். அச்சுக்கான படச்சுருள் வெளிர் நீலத்தைப் பதிவு செய்யாது என்பதால்தான் குறிப்புகளை நீலப் பென்சிலில் எழுதினார்கள். ஆகவே உங்கள் பிரேம்காரர் அழுக்கு என்று நினைப்பதெல்லாம் அந்தப் பக்கம் உண்மையானது என்பதற்கான தடயங்கள். அவற்றை அழிக்க அவர் கூலியும் கேட்பார். அழிப்பானைக் கொண்டு நீலக் கோட்டைத் தேய்த்தால், அதன் மேல் ஓடும் கறுப்பு மையும் மங்கும், பிழையை மறைக்கப் பூசிய வெள்ளைப் பூச்சு பெயர்ந்து வரும். அந்தப் பூச்சு மஞ்சளாவது இயல்பு. அதன் மேல் புதிய வெள்ளையைப் பூசுவதும் கூடாது.

ஒட்டுவதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் பார்த்த நாசங்களில் பெரும்பகுதி இதனால் நேர்ந்தவை. காகிதம் காற்றின் ஈரத்தை உறிஞ்சி விரியும், காய்ந்ததும் சுருங்கும். வளைவு அதனால் வருவது. பிரிஸ்டல் அட்டையில், அதாவது ஓவியத்துக்கான வழவழப்பான தடித்த தாளில், வரையப்பட்ட பக்கம் சற்று அலையலையாக இருப்பது நோயல்ல. அதை முழுவதுமாக அட்டையோடு ஒட்டும்போது, விரிய இடமில்லாத காகிதம் நாளடைவில் கொப்புளம் விடும், அல்லது அடியில் உள்ள அட்டையையும் சேர்த்து இழுத்து வளைக்கும். சூட்டழுத்த இயந்திரத்தில் வைத்து ஒட்டுவது இன்னும் மோசமானது. அந்தச் சூடு பக்கத்தில் ஏற்கெனவே இருக்கும் பழைய பசையை இளக்கிக் காகிதத்துக்குள் பரவச் செய்துவிடும். இப்படி ஒட்டிய பக்கத்தை மறுபடி பிரித்தெடுப்பது பெரும்பாலும் இயலாது, பிரித்தாலும் பின்புறத்தில் இருந்த முத்திரைகளும் குறிப்புகளும் போய்விடும். படத்தைத் தட்டையாகக் காட்டுவது எப்படி என்பதைத்தான் பிரேம் தொழிலில் முதலில் கற்றுக்கொடுக்கிறார்கள். காகிதம் எப்படி நடந்துகொள்ளும் என்பதை அறியாமலே ஒருவர் காலமெல்லாம் அந்தக் கடையை நடத்தலாம். அவரைக் கேட்க யாருமில்லை.

ஓரத்தை வெட்டும் யோசனை எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். அமெரிக்கக் காமிக்ஸ் மூலப் பக்கங்கள் 1967 வாக்கில் சிறிதாக்கப்பட்ட பிறகு, பொதுவாக 11 அங்குல அகலமும் 17 அங்குல உயரமும் கொண்ட அட்டையில் வரையப்பட்டன. படப்பகுதி 10-க்கு 15 அங்குலம். கடைகளில் கிடைக்கும் ஏ3 பிரேமின் உயரம் 420 மில்லிமீட்டர். உங்கள் பக்கத்தின் உயரமோ ஏறத்தாழ 432. அந்தப் பன்னிரண்டு மில்லிமீட்டருக்காகத்தான் கத்தரிக்கோலை எடுக்கிறார்கள். வெட்டப்படும் ஓரத்தில்தான் இதழின் பெயர், இதழ் எண், பக்க எண், ஓவியர் எழுத்தாளருக்கோ மையிடுபவருக்கோ எழுதிய குறிப்பு ஆகியவை இருக்கும். தேர்ந்த சேகரிப்பாளர் எவரும் ஓரம் வெட்டப்பட்ட பக்கத்தை முழுப் பக்கமாக மதிக்க மாட்டார். பக்கத்தின் அளவுக்கு பிரேமைச் செய்யச் சொல்லுங்கள்.

இனி, கழன்ற பலூன். எதையும் தொடாதே என்று சொல்லும் நான் இந்த ஒன்றில் மட்டும் விதிவிலக்கு தருகிறேன், ஆனால் அதன் எல்லையைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். அக்காலப் பக்கங்களில் வசனம் பெரும்பாலும் அட்டையிலேயே நேரடியாக எழுதப்பட்டது. தனித் துண்டாக ஒட்டப்பட்ட பலூன் பொதுவாகப் பிற்பாடு செய்த திருத்தம். அதை ஒட்டப் பயன்பட்ட ரப்பர் சிமென்ட் என்ற ரப்பர் பசை காலப்போக்கில் பிடிப்பை இழந்து, பழுப்புக் கறையை மட்டும் விட்டுவிட்டுப் போகும். உங்கள் பலூனுக்கு நேர்ந்ததும் அதுவாகவே இருக்கும். அது இருந்த இடத்தைப் பாருங்கள். அடியில் முதலில் எழுதிய வசனம் தெரிந்தால், ஆசிரியர் எதை மாற்றினார் என்பதற்கான சான்று உங்களிடம் இருக்கிறது. அதை நிரந்தரமாக மூடுவது நியாயமல்ல. அடியில் வெற்று அட்டைதான் என்றால், பலூன் இல்லாமல் கதைப் பக்கம் குறைபட்டு நிற்கும். இரண்டு நிலையிலும் நான் சொல்லும் தீர்வு ஒன்றே. காகிதப் பாதுகாப்பில் பயிற்சி பெற்ற ஒருவரைக் கொண்டு, பலூனின் மேல் விளிம்பில் மட்டும் மெல்லிய ஜப்பானியக் காகிதக் கீற்று ஒன்றைக் கோதுமை மாவுப் பசையால் பொருத்தி, கதவைப் போலத் தூக்கிப் பார்க்கும்படி பழைய இடத்தில் வைக்கச் செய்யுங்கள். ஈரம் பட்டால் இளகும் பசை என்பதால் நாளை வேறொருவர் அதை எடுத்துவிடலாம். அப்படிப்பட்டவர் கிடைக்கும்வரை, பலூனைப் பாலியெஸ்டர் உறையில் போட்டுப் பக்கத்தோடு சேர்த்து வைத்திருங்கள். செலோடேப், பசைக்குச்சி, மீண்டும் ரப்பர் சிமென்ட் எதுவும் வேண்டாம். முகப்பு அட்டை ஓவியங்களில் உதிர்ந்துபோன தலைப்பு எழுத்துக்குப் புதிய நகலைப் பொருத்துவது சேகரிப்பாளர்களிடையே ஏற்கப்பட்ட வழக்கம், ஏனெனில் அந்தத் தலைப்பு பெரும்பாலும் ஒளிநகல் துண்டாகத்தான் ஒட்டப்பட்டிருந்தது. விற்கும்போது அதைச் சொல்லிவிட வேண்டும், அவ்வளவே. கையால் எழுதிய பலூனுக்கு இந்தச் சலுகை கிடையாது. அது தொலைந்தால் தொலைந்ததுதான், கணினியில் செய்து ஒட்டிய மாற்று அதன் இடத்தைப் பெறாது.

சரியாக பிரேம் போடுவது எளிது, செலவுதான் கொஞ்சம் கூடும். பக்கத்தின் பின்னால் பருத்தி நாரில் செய்த, அமிலமும், காகிதத்தைப் பழுப்பாக்கும் லிக்னின் என்ற மரப்பொருளும் இல்லாத அட்டை இருக்க வேண்டும். முன்னால் அதே வகை அட்டையில் சன்னல் வெட்டிய மவுண்ட் இருக்க வேண்டும். பக்கம் பின்னட்டையோடு இணைவது மேல் விளிம்பில் இரண்டு ஜப்பானியக் காகிதக் கீல்களால், அல்லது நான்கு மூலைகளிலும் பாலியெஸ்டர் முக்கோண உறைகளால் மட்டுமே. உறைகளே போதும் என்பது என் கருத்து, ஏனெனில் அப்போது பக்கத்தில் ஒரு துளிப் பசையும் படாது. விரிய மட்டும் உள்ளே ஓரிரு மில்லிமீட்டர் இடம் விடச் சொல்லுங்கள். சன்னலைப் படப்பகுதியோடு நிறுத்தாமல், ஓரக் குறிப்புகளும் தெரியும்படி வெட்டச் சொல்லுங்கள். கண்ணாடி பக்கத்தைத் தொடக்கூடாது. தொட்டால் ஈரம் அடைபட்டு மை கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். மவுண்ட் அட்டையின் தடிமன் அந்த இடைவெளியைத் தந்துவிடும்; உங்கள் பக்கம் வளைந்திருப்பதால் இரட்டைத் தடிமன் அட்டையையோ, சட்டத்துக்குள் ஓர் இடைவெளிப் பட்டையையோ கேளுங்கள். எல்லாவற்றுக்கும் பின்னால் ஹார்டுபோர்டும் பழுப்பு நிற அட்டையும் வைத்து ஆணியடிப்பது பரவலான வழக்கம். அவற்றிலிருந்து வெளிப்படும் அமிலம் சில ஆண்டுகளில் பக்கத்தைப் பழுப்பாக்கிவிடும். அது முன்னாலிருந்து தெரியும்போது காலம் கடந்திருக்கும்.

கண்ணாடிக்குப் பதில் புற ஊதாக்கதிரைத் தடுக்கும் அக்ரிலிக் பலகையைக் கேளுங்கள். நல்ல வகைகள் அந்தக் கதிரில் 97 முதல் 99 விழுக்காடு வரை தடுக்கின்றன, விழுந்தாலும் துண்டு துண்டாக உடைந்து பக்கத்தைக் கிழிப்பதில்லை. ஆனால் இந்தப் பலகை இருந்தால் வெயில் விழும் சுவரிலும் மாட்டலாம் என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள். கண்ணுக்குத் தெரியும் ஒளியும் நிறத்தை அழிக்கும், அந்தச் சேதம் சிறுகச் சிறுகக் கூடிக்கொண்டே போகும், திரும்பி வராது. காகித ஓவியங்களுக்கு அருங்காட்சியகங்கள் அனுமதிக்கும் ஒளி பொதுவாக 50 லக்ஸ்தான் (லக்ஸ் என்பது வெளிச்சத்தின் அளவு), அதுவும் சில மாதங்களுக்கு மட்டும். பிறகு நீண்ட காலம் இருட்டில் வைப்பார்கள். கரியில் செய்த இந்தியன் இங்க் எளிதில் மங்காது என்பது உண்மையே. ஆனால் 1970-களில் மையிட்டவர்கள் அவசரத்துக்கு, சாய மை கொண்ட ஸ்கெட்ச் பேனா போன்ற ஃபெல்ட் பேனாவையும் எடுத்தார்கள். பெரிய கறுப்புப் பரப்புகளிலும் பலூன் எல்லைக் கோடுகளிலும் பழுப்போ ஊதாவோ தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் அது சாயம். அந்தப் பக்கத்தை வெளிச்சத்தில் மாட்டவே வேண்டாம். சன்னலுக்கு எதிர்ச்சுவர், சமையலறை, குளியலறைச் சுவர், வெளிச்சுவரின் உட்புறம் ஆகியவற்றைத் தவிருங்கள். ஈரப்பதம் 40 முதல் 50 விழுக்காட்டுக்குள், பெரிய ஏற்றத்தாழ்வில்லாமல் இருந்தால் போதும்.

கடைசியாக அந்தச் சான்றிதழ். பிரேம் விஷயத்தைவிட எனக்கு அதிகக் கவலை தருவது இதுதான். விற்றவர் தானே அச்சடித்துத் தானே கையெழுத்திட்ட காகிதம், அவர் வாயால் சொன்னதற்கு மேல் எதையும் நிரூபிப்பதில்லை. எந்தப் பக்கம் யாரிடம் இருக்கிறது என்பதற்கு அதிகாரப்பூர்வப் பதிவேடு கிடையாது. ஏல நிறுவனங்கள் விளம்பரத்தில் உத்தரவாதம் தருவதுபோல் பேசிவிட்டு, விதிமுறையின் சிறிய எழுத்துகளில் 'உள்ளது உள்ளபடி' என்று ஒதுங்கிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். காப்பீட்டுக்குப் போனால் மதிப்பீட்டுக் கடிதம் கேட்பார்கள், அதைத் தரக்கூடியவர் பெரும்பாலும் அதே விற்பனையாளராகவே இருப்பார். இந்தச் சுற்றில் தரகர்கள் வசதியாகக் குடியிருக்கிறார்கள். அச்சிட்ட இதழை லைட் பாக்ஸில், அதாவது அடியிலிருந்து ஒளி வரும் பலகையில், வைத்துப் பிரதியெடுத்து, தேநீர்க் கறையால் பழமை ஏற்றி விற்பதும் உண்டு. அதே ஓவியர் பிற்காலத்தில் மறுபடி வரைந்த பிரதியை முதல் பக்கம் என்று விற்பதும் உண்டு.

ஆகவே பிரேமுக்குள் போகும் முன் நீங்களே சோதித்துப் பாருங்கள். அந்த இதழின் அச்சுப் பிரதி ஒன்றைப் பக்கத்தில் வைத்து, உருப்பெருக்கியால் மெல்லிய கோடுகளை ஒப்பிடுங்கள். அக்கால மலிவுக் காகித அச்சில் நுண்ணிய கோடுகள் ஒன்றோடொன்று கலந்துவிடும், அல்லது மறைந்துவிடும். அச்சில் காணாமல்போன கோடு மூலப் பக்கத்தில் இருக்கும். இதழைப் பார்த்துப் பிரதியெடுத்தவருக்கு அப்படியொரு கோடு இருந்ததே தெரிந்திருக்காது, அதனால் அவர் பக்கம் அச்சோடு அச்சாகப் பொருந்தும். விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் மையின் மேடும் தூரிகையின் தடமும், அடியில் மையோடு சரியாகப் பொருந்தாத பென்சில் கோடுகளும் தெரிய வேண்டும். ஒளிநகலில் கறுப்பு ஒரே சமதளமாக இருக்கும். உங்கள் பக்கத்தில் நீலக் கோடும் திருத்தமும் ஒட்டுப் பலூனும் இருப்பது நல்ல அறிகுறி என்பேன், முடிவான சான்று என்று சொல்ல மாட்டேன்.

சான்றிதழைவிட, விற்றவர் அந்தப் பக்கத்தை யாரிடமிருந்து எப்போது பெற்றார் என்ற விவரமும், பிரதி என்று தெரியவந்தால் பணத்தைத் திருப்பித் தருவேன் என்ற வாசகமும் அடங்கிய ரசீது பயனுள்ளது. கேளுங்கள், மறுத்தால் அதுவும் ஒரு பதில்தான். சான்றிதழைப் பக்கத்தின் பின்புறம் ஒட்டாமல் தனி உறையில் வைத்திருங்கள். பக்கத்தின் இருபுறமும் நல்ல வெளிச்சத்தில் படமெடுத்து, அளவைக் குறித்து, ஒட்டக்கூடாது, வெட்டக்கூடாது, சுத்தம் செய்யக்கூடாது என்று எழுதி பிரேம் போடுபவரின் கையெழுத்தை வாங்கிய பிறகே அவரிடம் கொடுங்கள். கையெழுத்திடத் தயங்குபவராக இருந்தால் வேறு ஆளைத் தேடுங்கள்.