மாடல் ரயில் லேஅவுட் விளக்குக்கும் பாயின்ட் (ரயிலைத் தடம் மாற்றும் இடம்) மோட்டாருக்கும் எந்த பவர் சப்ளை?

கேள்வி: எச்ஓ அளவு மாடல் ரயில் லேஅவுட்டில் வீடு, தெருவிளக்கு எல்லாம் சேர்த்து 60 விளக்குகள். 12 வோல்ட், 1 ஆம்பியர் அடாப்டர் போதுமா சார்?

பதில்: என்ன விளக்கு என்பதைப் பொறுத்தது. பழைய குட்டி இழை பல்பு ஒன்று 60 மில்லி ஆம்பியர் இழுத்தால் மொத்தம் 3.6 ஆம்பியர், 5 ஆம்பியர் சப்ளை வாங்குங்கள். வெள்ளை எல்இடி என்றால், ஒவ்வொன்றுக்கும் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டாலும் 9 மில்லி ஆம்பியர்தான். இருக்கிற அடாப்டரே தாராளம். வீட்டுக்குள் அந்த வெளிச்சமும் கண்ணைக் கூசும், நான் 4.7 கிலோ ஓம் போடுவேன்.

கேள்வி: ரயிலை ஓட்டும் பழைய கன்ட்ரோலரில் 16 வோல்ட் ஏசி முனை சும்மா இருக்கிறது. அதில் எல்இடி கொடுக்கலாமா?

பதில்: நேரடியாக வேண்டாம். தலைகீழாக வரும் வோல்டேஜை எல்இடி 5 வோல்ட் அளவுக்குத்தான் தாங்கும். ஏசியை டிசியாக்கும் பிரிட்ஜ் ரெக்டிஃபையரும் அதைச் சமன் செய்யும் 35 வோல்ட் கபாசிட்டரும் போட்டால் சுமார் 21 வோல்ட் டிசி கிடைக்கும். ரெசிஸ்டரை 2.2 கிலோ ஓம் ஆக்கிவிடுங்கள்.

கேள்வி: பழைய கம்ப்யூட்டரின் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளைப் பெட்டி)? காசே செலவில்லையே!

பதில்: பச்சை வயரைக் கறுப்போடு சேர்த்தால் ஆன் ஆகிவிடும், சரி. பயம் வேறு இடத்தில். அதன் 12 வோல்ட் லைன் 20 ஆம்பியருக்கு மேல் கொடுக்கக்கூடியது. லேஅவுட்டுக்கு அடியில் தலைமுடி போன்ற வயர் ஒன்று ஷார்ட் ஆனால், எஸ்எம்பிஎஸ் அதை ஷார்ட் என்றே நினைக்காமல் கொடுத்துக்கொண்டிருக்கும். வயர் சிவந்து உருகும், பக்கத்திலேயே தெர்மோகோல் மலை. அதனால் ஒவ்வொரு கிளைக்கும் தனி ஃப்யூஸ் போடுங்கள். வயர் மெல்லியதென்றால் 1 ஆம்பியர், தடித்ததென்றால் 2. ஃப்யூஸ் சப்ளை பக்கமே இருக்க வேண்டும், விளக்குப் பக்கம் போட்டுப் பயனில்லை. இவ்வளவு வேலைக்குப் புதிதாக ஒரு 12 வோல்ட், 3 ஆம்பியர் அடாப்டரே வாங்கிவிடலாம் என்பது என் கட்சி.

கேள்வி: பாயின்ட் மாற்றினால் ஊர் விளக்கெல்லாம் மினுக்கென்று அணைந்து வருகிறது. ஏன்?

பதில்: காயில் (மின்காந்தச் சுருள்) மோட்டார்தானே? அந்த ஒரு நொடிக்குள் சில ஆம்பியர் இழுத்துவிடும். நடுவில் கபாசிட்டர் டிஸ்சார்ஜ் யூனிட் (கரன்ட்டை மெதுவாகச் சேர்த்து வைத்து ஒரே தட்டாகக் கொடுப்பது) ஒன்று வையுங்கள். பட்டன் சிக்கிக்கொண்டாலும் காயில் எரியாது. டார்ட்டாய்ஸ் என்ற பிராண்ட் மாதிரி மெதுவாக நகரும் மோட்டார் 16 மில்லி ஆம்பியர்தான் கேட்கும். அதற்கு இதெல்லாம் தேவையில்லை.

கேள்வி: எல்லாவற்றையும் டிசிசி (டிஜிட்டல் ரயில் கட்டுப்பாடு) முறையில் தண்டவாளத்துக்குக் கரன்ட் கொடுக்கும் பூஸ்டரிலிருந்தே எடுத்தால் என்ன அண்ணா?

பதில்: விளக்குக்குக் கொடுத்தால் விலை உயர்ந்த ஆம்பியர் வீண், அவ்வளவுதான். பாயின்ட் மோட்டாருக்குக் கூடவே கூடாது. தவறாக நிற்கும் பாயின்ட்டில் எஞ்சின் ஏறி ஷார்ட் ஆனால் பூஸ்டர் நின்றுவிடும். பாயின்ட்டை மாற்றினால் ஷார்ட் போகும், ஆனால் மாற்றக் கரன்ட் இருக்காது. எஞ்சினைக் கையால் தூக்க வேண்டியதுதான்.