என் மின்காரில் சார்ஜ் சதவீதம் திடீரென்று சரிகிறது. பேட்டரியின் கரண்ட்டை அளக்க வைர சென்சார் எதற்கு, இப்போது இருக்கிற சென்சார் போதாதா?

கேள்வியை வைத்துப் பார்த்தால் உங்களுடையது எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) பேட்டரி என்று நினைக்கிறேன். சதவீதம் திடீரென்று சரிகிறது என்ற புகார் அதில்தான் அதிகம். அந்த செல்லின் வோல்டேஜ் 20% முதல் 90% வரை 3.3 வோல்ட்டை ஒட்டியே கிடக்கும். அதனால் பி.எம்.எஸ். (பேட்டரியைக் கண்காணிக்கும் சர்க்யூட்) உள்ளே போன, வெளியே வந்த கரண்ட்டைக் கூட்டிக் கழித்துத்தான் மிச்சத்தைச் சொல்கிறது. சென்சாரில் 1 ஆம்பியர் பிசகு நிலையாக இருந்தால் 10 மணி நேரத்தில் 10 ஆம்பியர்-மணி தப்பும். 100 ஆம்பியர்-மணி பேக்கில் அது 10%.

"ஷன்ட் போட்டால் போதுமே" என்று யாராவது கீழே எழுதுவார்கள். ஷன்ட் என்பது கரண்ட் போகும் வழியில் வைக்கும் சிறிய மின்தடை; அதில் விழும் வோல்ட்டை வைத்துக் கரண்ட்டைக் கணக்கிடுவார்கள். 100 மைக்ரோ ஓம் ஷன்ட்டில் 10 மில்லி ஆம்பியருக்குக் கிடைப்பது 1 மைக்ரோ வோல்ட். இணைப்பின் இரு முனைகளிலும் சூடு கொஞ்சம் மாறினாலே அவ்வளவு வோல்ட் தானாக உண்டாகிவிடும். 300 ஆம்பியர் ஓடும்போது 9 வாட் வீணாவது தனி. கரண்ட்டின் காந்தப்புலத்தை அளக்கும் ஹால் சென்சாரில், பெரிய கரண்ட் போன பிறகு இரும்பு வளையத்தில் காந்தம் தங்கிவிடும், பூஜ்யமே நகர்ந்துவிடும்.

வைர சென்சார் வேலை செய்வது இப்படி: வைரத்தில் கார்பன் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு நைட்ரஜன், பக்கத்தில் ஒரு காலியிடம். பச்சை லேசர் பட்டால் சிவப்பாக ஒளிரும்; 2.87 கிகாஹெர்ட்ஸ் மைக்ரோவேவ் கொடுத்தால் அந்த ஒளி மங்கும். காந்தப்புலம் வந்தால் மங்கும் அலைவரிசை இரண்டாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் மைக்ரோ டெஸ்லாவுக்கு 28 கிலோஹெர்ட்ஸ் வீதம் எதிரெதிர்ப் பக்கம் நகரும். பஸ்பாரின் (பேட்டரி கரண்ட் போகும் தடித்த உலோகப் பட்டை) மையத்திலிருந்து 5 மி.மீ. தள்ளி வைத்தால், கம்பிக்கான எளிய சூத்திரப்படி, 10 மில்லி ஆம்பியருக்கு 0.4 மைக்ரோ டெஸ்லா, அதாவது சுமார் 11 கிலோஹெர்ட்ஸ். 400 ஆம்பியருக்கு 450 மெகாஹெர்ட்ஸ் அளவு நகரும். மைக்ரோவேவ் அலைவரிசை பின்னாலேயே துரத்திப் போவதால் சின்னதும் பெரியதும் ஒரே சென்சாரில் அடங்கும்.

இரண்டு மங்கலையும் சேர்த்தே துரத்த வேண்டும். ஒன்றை மட்டும் பார்த்தால் 1 டிகிரி சூட்டுக்கு 74 கிலோஹெர்ட்ஸ் நகர்வதை 66 மில்லி ஆம்பியர் என்று தப்பாகப் படிக்கும். இரண்டின் வித்தியாசம் கரண்ட்டைச் சொல்லும், சராசரி சூட்டைச் சொல்லும். அடுத்தது பூமியின் காந்தம்: 5 மி.மீ.யில் அது ஏறக்குறைய 1 ஆம்பியருக்குச் சமம், வண்டி திரும்பினால் அளவு மாறும். அதனால் பஸ்பாரின் இரு பக்கமும் ஒவ்வொரு வைரம் வைத்துக் கழிக்கிறார்கள். கரண்ட்டின் புலம் எதிரெதிராக இருப்பதால் இரட்டிக்கும், வெளிப்புலம் அடிபடும். கரண்ட் பூஜ்யத்தருகே இருக்கும்போது மங்கல்களைப் பிரித்து வைக்கும் நிலைக்காந்தங்களை ஜோடி பார்த்துத்தான் போட வேண்டும். நியோடிமியம் காந்தம் டிகிரிக்கு 0.1% குறையும், இரண்டும் ஒரே அளவு குறையாவிட்டால் கழித்தும் பயனில்லை.

இதை ஜப்பானின் டோக்கியோ தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் ஹடானோவின் குழு செய்து 2022-ல் வெளியிட்டது: 130 ஆம்பியர் வரை ஓடிய பஸ்பாரில் 10 மில்லி ஆம்பியர் துல்லியம். ஆய்வகத்துக் கதை என்று ஒதுக்காதீர்கள்; கார் ஓடும்போதுள்ள கரண்ட் ஏற்ற இறக்கத்தை வைத்தே சோதித்தார்கள். லேசரும் மைக்ரோவேவ் சர்க்யூட்டும் சேர்ந்த விலை ஒரு தடை.

செல் வோல்டேஜைக்கூட உரிமையாளருக்குக் காட்டாமல் பூட்டி வைக்கும் கம்பெனிகள் மீது எனக்குக் கோபமே உண்டு. நம் பணத்தில் வாங்கிய பேட்டரியின் எண்களை நமக்குக் காட்டுவதில் என்ன கஷ்டம்? இப்போதைக்கு, மேனுவல் சொல்லும் இடைவெளியில் ஸ்லோ சார்ஜரில் 100% வரை ஏற்றி, வண்டி தானாக நிறுத்தும் வரை விடுங்கள். வோல்டேஜ் மேலே ஏறும் அந்தக் கடைசிக் கட்டத்தில்தான் பி.எம்.எஸ். தன் கணக்கைத் திருத்திக்கொள்ளும்.